ஏழாவது பாட்டில் இறங்குகிறவள்

விஜயராணிக்கு நாற்பத்து நாலு வயது. இந்த நாற்பத்து நாலு வருஷத்தில் அவள் யாரிடமும் பெரிதாக எதையும் கேட்டதில்லை. ஆனால் மத்தியானம் இரண்டே காலிலிருந்து மூன்றேகால் வரைக்கும் அவளை யாராவது எழுப்பிவிட்டால் வருகிற கோபத்தை நீங்கள் பார்க்காமல் இருப்பதே நல்லது. அந்த ஒரு மணி நேரம்தான் அவளுடைய தூக்கம். அதையும் பாயில் படுத்துத் தூங்கவில்லை. கம்பெனி வேனில், இடது பக்கம் மூன்றாவது ஜன்னலோரம், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினாள். பதினோரு வருஷமாகத் தூங்கினாள்.

அவள் பிறந்தது வில்லியனூர் பக்கம். வாழ்க்கைப்பட்டது பாகூருக்கு. அப்பா அம்மாவுக்கு நடவு வேலை, கரும்பு வெட்டு. அவளும் முப்பத்து மூன்று வயது வரைக்கும் சேற்றில் நின்றவள்தான். அப்புறம் திருவாண்டார்கோயிலில் ஷாம்பு பாக்கெட் போடுகிற கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று லில்லி வந்து சொன்னாள். லில்லி சின்ன வயதுத் தோழி, தவளக்குப்பத்தில் வாக்கப்பட்டவள். இரண்டு பேரும் சேர்ந்தே போய் எழுதிக்கொடுத்து, சேர்ந்தே வேலைக்குச் சேர்ந்தார்கள். காலை ஆறு மணி ஷிப்ட், மத்தியானம் இரண்டு மணிக்கு முடியும். பாகூர்ப் பக்கத்துப் பெண்கள் பதினாலு பேரை ஏற்றிக்கொண்டு போகவும் கொண்டுவந்து விடவும் ஒரு வேன். அதை ஓட்டியவர் சூசைநாதன்.

சூசைநாதனைப் பற்றிச் சொல்லாமல் விஜயராணியின் தூக்கத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. அந்த வேனில் ஒரு பென்டிரைவ் செருகியிருந்தது. அதில் ஒரே ஒரு படத்தின் பாட்டுகள், மொத்தம் ஒன்பது. படத்தின் பெயரைச் சொன்னால் உங்களுக்கு நினைவு வராது. கடலூரில் நாலு நாள் ஓடி, ஐந்தாவது நாள் போஸ்டரைக் கிழித்துவிட்டார்கள். பாட்டு மட்டும் நன்றாக இருக்கும் என்று சூசைநாதன் சொல்வார். காலையில் போகும்போது அவர் பாட்டே போடமாட்டார். பெண்கள் பேசிக்கொண்டும் தலை வாரிக்கொண்டும் வருவார்கள். திரும்பும்போது கம்பெனி கேட்டைத் தாண்டியதும் முதல் பாட்டை ஆரம்பிப்பார். ஒன்பது பாட்டும் வரிசையாக ஓடும். மறுநாளும் அதே ஒன்பது, அதே வரிசை.

வந்த புதிதில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். வேற பாட்டே இல்லையா உன்கிட்ட என்று லில்லி நேராகவே கேட்டாள். சூசைநாதன் சிரித்துக்கொண்டே ஓட்டினார். இரண்டு மாதம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்துவிட்டு வருகிற பெண்கள் வண்டியில் ஏறியதும் தூங்கிவிடுகிறார்கள். தூங்கியவர்கள், தங்கள் ஊர் நெருங்கும்போது தானாக விழித்துக்கொள்கிறார்கள். எப்படி என்றால், ஊரை வைத்து அல்ல, பாட்டை வைத்து.

மூன்றாவது பாட்டு மழைப் பாட்டு. அது வந்தால் உறுவையாறு. நாலாவதில் உடுக்கைச் சத்தம் கேட்கும், அது மங்கலம். ஐந்தாவது தாலாட்டு, தவளக்குப்பம். தாலாட்டைக் கேட்டு விழித்துக்கொள்கிற பொம்பளை உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று லில்லி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆறாவது கல்யாணப் பாட்டு, கிருமாம்பாக்கம். ஏழாவது சண்டைப் பாட்டு. புருஷனும் பெண்சாதியும் மாற்றி மாற்றித் திட்டிக்கொள்வார்கள். அந்தப் பெண்சாதி வாயைத் திறந்து முதல் திட்டு திட்டியதும் விஜயராணிக்குக் கண் திறந்துவிடும். பையை எடுத்துக்கொண்டு, வேனின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, பாகூர் ஏரி மதகுத் திருப்பத்தில் இறங்கிவிடுவாள். எட்டாவது சோகப் பாட்டுக்குக் கடைத்தெருவில் ஆண்டாள் இறங்குவாள். அதற்கப்புறம் வண்டியில் ஆள் கிடையாது. சேலியமேட்டில் இருக்கிற ஷெட்டுக்குச் சூசைநாதன் தனியாகப் போவார்.

பாட்டும் ஊரும் எப்படி தினமும் பொருந்தும் என்று கேட்பீர்கள். அதைப் பொருத்தியது சூசைநாதனின் கை. ரயில்வே கேட் போட்டுவிட்டால் பாட்டையும் நிறுத்திவிடுவார். கேட் திறந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடவிடுவார். ரோடு காலியாக இருந்து வண்டி முந்திவிட்டால் மெதுவாக ஓட்டுவார். புதிதாக யாராவது வேலைக்குச் சேர்ந்தால் முதல் நாளே சொல்லிவிடுவார்: "நீ மங்கலமா? உனுக்கு நாலாவது. உடுக்க சத்தம் வரும் பாரு, அப்ப எழுந்துக்கோ." அவ்வளவுதான் அவர் கொடுத்த பயிற்சி.

முதல் ஒன்பது வருஷம் அந்தத் தூக்கம் விஜயராணிக்கு ஒரு சுகம். கடைசி இரண்டு வருஷம் அது இல்லாமல் அவளால் உயிரோடு இருக்க முடியாது என்று ஆகிவிட்டது. அவள் புருஷன் பாக்யராஜ் பெயின்டர். தவளக்குப்பத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்தான். உயிர் பிழைத்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கை நன்றாக வேலை செய்யும், வாய் அதைவிட நன்றாக வேலை செய்யும். ஆனால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். பகலில் பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் வந்து புரட்டிவிட்டு, சாப்பாடும் கொடுத்துவிட்டுப் போவாள். ஒரே மகள் காரைக்காலில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். ராத்திரியில் விஜயராணியை விட்டால் ஆளில்லை. பத்து, பன்னிரண்டு, இரண்டு என்று எழுந்தால், மூன்றரைக்கு அடுப்பு மூட்டுகிற நேரம் வந்துவிடும். இதில் தூக்கம் எங்கே இருந்தது என்று நீங்களே தேடிப் பாருங்கள். அது வேனில் இருந்தது.

போன ஆடி மாதம் சூசைநாதனுக்குக் கண்ணில் புரை முற்றி ஆபரேஷன் ஆனது. இனிமேல் வண்டி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே சமயத்தில் வேன் முதலாளியும் பழைய வண்டியை யாருக்கோ விற்றுவிட்டுப் புது வண்டி வாங்கினார். பென்டிரைவ் பழைய வண்டியிலேயே செருகியபடி போய்விட்டது. புது வண்டியில் அதைச் செருக இடமும் இல்லை, போனிலிருந்துதான் பாட்டு வரும்.

புது டிரைவர் கலைவேந்தன். கிருமாம்பாக்கத்துக்காரன், இருபத்தாறு வயது, நல்ல பையன். அவனைத் திட்டுகிற மாதிரி எதுவும் எழுத மனசு வரவில்லை. பெண்கள் ஏறியதும் ஏசி போட்டான். போனைத் தட்டினான். 'மத்தியான மெலடி' என்று ஒரு பிளேலிஸ்ட் ஓடியது. எழுபதுகளில் ஒன்று, போன வருஷம் ஒன்று, நடுவில் ஒரு விளம்பரம், பிறகு இன்னொன்று. எல்லாம் நல்ல பாட்டுதான். ஆனால் எந்தப் பாட்டுக்கும் எந்த ஊரும் சொந்தமில்லை. முடிவும் இல்லை. முந்நூறு பாட்டு இருக்குதுக்கா என்று அவன் பெருமையாகச் சொன்னான்.

முதல் நாள் விஜயராணி வழக்கம்போல் கண்ணை மூடினாள். திறந்தபோது வண்டி நின்றிருந்தது, வெளியே அவளுக்குத் தெரியாத ஒரு தகரக் கொட்டகை. பின்சீட்டில் ஆண்டாள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். சேலியமேட்டு ஷெட். கலைவேந்தன் இறங்கிக் கதவைப் பூட்டப் போகிற நேரத்தில்தான் தலைகள் தெரிந்து பதறிப்போனான்.

"எக்கா, நீங்க எறங்கலியா?"

"எங்க எறங்கறது? பாட்டே வர்லியே" என்றாள் விஜயராணி, பாதித் தூக்கத்தில்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பாட்டு வந்துக்கினுதானே இருந்திச்சு என்று நினைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் திரும்பக் கொண்டுபோய் விட்டான்.

மறுநாளிலிருந்து விஜயராணி தூங்கவில்லை. தூங்கப் பயம். போனில் அலாரம் வைத்துப் பார்த்தாள். ரயில்வே கேட் போட்ட நாளில் அது உறுவையாற்றிலேயே அடித்தது, போடாத நாளில் மதகைத் தாண்டி அடித்தது. இரண்டு நாளும் மற்ற பெண்கள் திட்டியதுதான் மிச்சம். லில்லி எழுப்பிவிடலாம், ஆனால் லில்லி முன்னாடியே தவளக்குப்பத்தில் இறங்கிவிடுகிறவள். ஆண்டாள் அவளுக்குப் பின்னால் இறங்குகிறவள், ஆனால் ஆண்டாளை எழுப்பவே ஓர் ஆள் வேண்டும். கலைவேந்தனிடம் சொன்னபோது அவன் ஒவ்வொரு ஊருக்கும் பஸ் கண்டக்டர் மாதிரி கத்த ஆரம்பித்தான். "மங்கலம், மங்கலம், மங்கலம்." இரண்டு பேர் இறங்க, பத்துப் பேர் எழுந்து உட்கார்ந்தார்கள். இரண்டு நாளில் கத்தவே வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டார்கள்.

வெண்ணிலா மட்டும் சந்தோஷமாக இருந்தாள். தவளக்குப்பத்துப் பெண், இருபத்திரண்டு வயது, புது வண்டி வந்த வாரத்தில்தான் சேர்ந்தவள். "ஒரே படத்துப் பாட்ட தெனமும் எப்டிக்கா கேட்டீங்க? எனுக்குனா பைத்தியம் புடிச்சிடும்" என்றாள்.

"யாருடி கேட்டா? நாங்க தூங்கனோம்" என்றாள் லில்லி.

பன்னிரண்டு நாள் இப்படிப் போனது. பதிமூன்றாவது நாள் காலை பத்தரை மணிக்கு, பாக்கெட்டின் வாயை ஒட்டுகிற மிஷின் முன்னால் நின்றபடியே விஜயராணியின் கண் சொக்கியது. ஒரு நொடிதான். கை முன்னால் போய்விட்டது. கையுறையின் ஆள்காட்டி விரல் நுனி சூட்டில் உருகிச் சுருங்கியது. உள்ளே விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மிஷின் நின்றது, லைனே நின்றது.

சூப்பர்வைசர் மணிபாரதி அந்தக் கையுறையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இன்னா விஜயராணி இது? வெரலு போயிருந்தா யாரு பதில் சொல்றது? பதினோரு வருஷம் ஆச்சேன்னுதான் இத்த நான் மேல எழுதல. இன்னொரு தரம் கண்ணு சொக்கிச்சுன்னா லைன்ல நிக்க வேணாம், வூட்லயே இருந்துக்க. அப்புறம் நான் சொல்லி ஒண்ணும் ஆவாது."

வீட்டில் இப்போது வருகிற ஒரே சம்பளம் அவளுடையது. மகளின் படிப்பு இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. பாக்யராஜின் மருந்து இருக்கிறது. இத்தனையும் ஒரு மணி நேரத் தூக்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை. கழிவறையில் போய் முகம் கழுவிக்கொண்டு திரும்ப வந்து நின்றாள்.

சொல்லாவிட்டாலும் லில்லிக்குத் தெரியாதா? அன்றைக்கு மத்தியானம் அவள் கலைவேந்தனின் சீட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு விஷயத்தை முழுசாகச் சொன்னாள். படத்தின் பெயரையும் சொன்னாள். அவன் மனசு இளகிவிட்டது. போனில் தேடினான். இருந்தது. ஓடாத படமானாலும் பாட்டு பத்திரமாக இருந்தது, ஒன்பதும்.

"தோ பாருங்கக்கா, புல் ஆல்பம். மொதல்லேருந்து கடைசி வரிக்கும் வரிசையா போட்டுட்றேன். நிம்மதியா தூங்குங்க."

முதலில் வந்தது, பழைய வண்டியிலும் முதலில் வருகிற அதே குத்துப்பாட்டு. பதின்மூன்று பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். வெண்ணிலாகூடத் தாளம் போட்டாள். விஜயராணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்தாள். பன்னிரண்டு நாள் தூக்கம் மொத்தமாக வந்து அவள் மேல் விழுந்தது.

யாரோ ஒருத்தி புருஷனைத் திட்டுவது கேட்டது.

கண் திறந்தது. எழுந்தாள். பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினாள். வண்டி நின்றது, இறங்கினாள். அவள் பின்னாலேயே இன்னும் இரண்டு கால்கள் இறங்கின. வண்டி போய்விட்டது. ஏரிக்கரைக் காற்று வரவில்லையே என்று நிமிர்ந்து பார்த்தபோது இரண்டு பக்கமும் கரும்பு. பக்கத்தில் ஆண்டாள், கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏய், இது எந்த ஊருடி?" என்றாள் ஆண்டாள்.

"நீ ஏன் எறங்கன? உன் பாட்டு இன்னும் வர்லியே."

"நீ எறங்கன, நான் எறங்கிட்டேன். அடுத்தது எனுதுதானே."

உறுவையாற்றுக்கும் மங்கலத்துக்கும் நடுவில் நின்றிருந்தார்கள். தட்டினால் நிறுத்த வேண்டும் என்பதுதான் கலைவேந்தனுக்குத் தெரியும், ஏன் என்று அவன் கேட்கவில்லை. அவர்களாவது முன்னாடி இறங்கினார்கள். மழைப் பாட்டுக்காரிகள் மூன்று பேர் பாட்டே வராமல் தவளக்குப்பம் வரைக்கும் போய்விட்டார்கள். லில்லியின் தாலாட்டு கடைசியில்தான் வந்ததாம், அவள் பாகூர்க் கடைத்தெருவில் விழித்தாள். பதினாலு பெண்களில் தன் ஊரில் சரியாக இறங்கியவள் வெண்ணிலா ஒருத்திதான், அவள் தூங்கவில்லை.

பஸ் பிடித்து, மாறி, வீட்டுக்கு வர ஐந்து மணி ஆகிவிட்டது. பாக்யராஜ் இடது பக்கமாகவே மூன்று மணி நேரம் படுத்திருந்தான். பவுனம்மாளும் அன்றைக்கு இரண்டு மணிக்குப் புரட்டிவிட்டு வெளியூர் கிளம்பிப் போயிருந்தாள். அவனைப் புரட்டிவிட்டு, முதுகைத் துடைத்துவிட்டு, விஜயராணி தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். கையுறை, மணிபாரதி சொன்னது, கரும்பு, ஆண்டாள். ஆண்டாள் சொன்னதைக் கேட்டதும் பாக்யராஜ் சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்த முடியாமல் சிரித்தான்.

"சிரிக்காதய்யா. எனுக்கு வேல போப்போவுது, நீ சிரிக்கிற."

"சரி, சரி. அந்தப் பையன் வரிசையாதானே போட்டான்?"

"வரிசையாத்தான் போட்டேன்னு சத்தியம் பண்றான்."

"யாரு வரிச?"

விஜயராணி அவனைப் பார்த்தாள்.

பகல் முழுக்கப் படுத்துக்கொண்டு போனையே பார்க்கிறவன் அவன். வீட்டிலேயே பிளேலிஸ்ட் பைத்தியம் யாரென்றால் அவன்தான், முழுப் படத்துப் பாட்டையும் உட்கார்ந்து கேட்க யாருக்குப் பொறுமை என்று அவளைக் கேலி செய்தவனும் அவன்தான். இப்போது அவனே விளக்கினான். படத்தில் இசையமைத்தவர் போட்ட வரிசை ஒன்று. பென்டிரைவில் பாட்டு ஏற்றிக்கொடுத்தானே கடைக்காரன், அவன் இஷ்டத்துக்கு ஏற்றியதில் வந்தது வேறொரு வரிசை. "நீங்க பதினோரு வருஷம் தூங்கனது கடக்காரன் வரிசைல. அது இந்த ஒலகத்துல எங்கயும் இல்ல. நாமதான் செய்யணும். எது எத்தினாவது பாட்டு, சொல்லு."

"ஏழாவது சண்டப் பாட்டு."

"மத்தது?"

அவள் யோசித்தாள். முதல் பாட்டு தெரியும், அது ஏறும்போதே வரும். ஏழாவது தெரியும். எட்டாவது தொடங்கும்போது அவள் தெருவில் நடந்துகொண்டிருப்பாள். நடுவில் இருப்பவற்றின் பேச்சுப் பேர்தான் தெரியும், மழைப் பாட்டு, உடுக்கை என்று. கேட்டது கிடையாது. தினமும் கேட்டது போல இருந்தது, யோசித்துப் பார்த்தால் கேட்கவேயில்லை.

அதனால் எல்லோரையும் கேட்க வேண்டியதாகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் வேன் பெண்களின் வாட்ஸப் குழுவில் விஜயராணி ஒரு சேதி போட்டாள்: அவங்கவங்க பாட்ட வாயால பாடி எங்க வூட்டுக்காரரு போனுக்கு அனுப்புங்க, எந்த ஊர்ல எறங்கறீங்கன்னும் சொல்லுங்க. அரை மணி நேரத்தில் பாக்யராஜின் போன் நிரம்பிவிட்டது. ஒருத்தி அடுப்படியில் குக்கர் சத்தத்தோடு பாடினாள். மங்கலத்துப் பெண் பாட்டை விட்டுவிட்டு உடுக்கையை மட்டும் வாயால் அடித்து அனுப்பினாள். லில்லி தாலாட்டை இழுத்த இழுப்பில் பாக்யராஜ் மறுபடி சிரித்து, மூச்சு வாங்கிப்போனான். மறுநாள் காலையில் விஜயராணி வேலைக்குப் போனபிறகு ஒவ்வொரு குரலையும் கேட்டு, படத்துப் பாட்டோடு ஒத்துப் பார்த்து, ஊர் வரிசைப்படி அடுக்கினான். ஒன்று, மூன்று, நாலு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு எல்லாம் உட்கார்ந்துவிட்டன. இரண்டு பாட்டு மிச்சம். இரண்டு இடமும் மிச்சம், இரண்டாவதும் ஒன்பதாவதும். இரண்டாவது ஓடும்போது வண்டியில் ஒருத்தியும் விழித்திருப்பதில்லை. ஒன்பதாவது ஓடும்போது வண்டியில் ஒருத்தியும் இருப்பதேயில்லை.

அதைச் சொல்லக்கூடியவர் ஒருத்தர்தான். பாக்யராஜ் சூசைநாதனுக்குப் போன் போட்டான். அவர் கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு பாட்டையும் போனிலேயே போட்டுக் காட்டினான்.

"புல்லாங்கொழல் வர்றது கடைசி" என்றார் சூசைநாதன், கொஞ்சமும் யோசிக்காமல். "அது என் பாட்டுப்பா. அது வந்துச்சுன்னா நான் வண்டிய ஓரமா நிறுத்தி, எழுந்து பின்னாடி வரிக்கும் போயி ஒவ்வொரு சீட்டா பாப்பேன். யாராச்சும் தூங்கிக்கினு இருந்துட்டா? பூட்டன வண்டில இந்த வெய்யில்ல இன்னா ஆவறது? அத்த அந்தப் பையனுக்குச் சொல்லு. அவனுக்கு அதான் பாட்டுன்னு சொல்லு."

பாக்யராஜ் அதையும் மனசில் குறித்துக்கொண்டான். சொல்றேண்ணா என்று வைத்துவிட்டான். அன்றைக்கே கலைவேந்தனுக்கும் போன் போட்டு, பாட்டு வரிசையோடு, ரயில்வே கேட்டில் நிறுத்துவது, வண்டி முந்தினால் மெதுவாகப் போவது, கடைசிப் பாட்டுக்கு எழுந்து போய்ப் பார்ப்பது என்று எல்லாவற்றையும் ஒப்பித்தான். கலைவேந்தன் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டான். போனில் அதற்கு ஒரு பேர் வைக்க வேண்டியிருந்தது. 'வூட்டுக்குப் போற பாட்டு' என்று பாக்யராஜ் அடித்து அவனுக்கு அனுப்பிவைத்தான். முழு ஆல்பத்தையும் காப்பாற்றக் கடைசியில் ஒரு பிளேலிஸ்ட்தான் வேண்டியிருந்தது என்பதை அவன் அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு தடவை விஜயராணியிடம் சொல்லிக் காட்டினான். அவள் கண்டுகொள்ளவில்லை.

"அந்த ரெண்டாவது பாட்ட போடட்டுமா, கேக்கறியா? நல்லாருக்குது ராணி, நெசமா."

"இப்ப வேணாம். அது தூங்கற பாட்டு. பாத்திரம் கெடக்குது" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் இரண்டே கால். பதினாலு பெண்களும் ஏறினார்கள். யாருக்கும் முழு நம்பிக்கை இல்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. காலையில் போகும்போது வெண்ணிலாவின் பிளேலிஸ்ட், திரும்பும்போது இது என்று பேசி முடிவாகியிருந்தது. வெண்ணிலா வந்து லில்லி பக்கத்தில் உட்கார்ந்து, "எனுக்கு எந்தப் பாட்டுக்கா?" என்றாள்.

"தவளக்குப்பம்தானே நீ? தாலாட்டு. என் கூடவே எழுந்துக்கோ."

குத்துப்பாட்டு ஆரம்பித்தது. விஜயராணி ஒரு தீர்மானத்தோடு உட்கார்ந்திருந்தாள். இன்றைக்குத் தூங்கக் கூடாது. வரிசை சரியாக வருகிறதா என்று கடைசி வரைக்கும் பார்த்துவிட வேண்டும். அப்படியே அந்த இரண்டாவது பாட்டையும் கேட்டுவிட வேண்டும். வழியில் முதலில் வருகிற கண்டமங்கலம் போனது. குத்துப்பாட்டு அடங்கியது. ஒரு வயலின் மெதுவாக இழுத்தது.

யாரோ ஒருத்தி புருஷனைத் திட்டினாள்.

விஜயராணி கண்ணைத் திறந்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தாள். ஏரிக்கரை. மதகு. அதற்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கிற அதே ஒற்றைப் பனை. வண்டியில் ஆண்டாளைத் தவிர எல்லா சீட்டும் காலி, லில்லி இல்லை, வெண்ணிலாவும் இல்லை. எல்லோரும் அவரவர் ஊரில் இறங்கியிருந்தார்கள். அவளுக்குள் பதினைந்து நாளாக முறுக்கிக்கொண்டிருந்த எதுவோ அவிழ்ந்தது. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இரண்டு தட்டுத் தட்டினாள்.

"சரியாக்கா?" என்றான் கலைவேந்தன், கண்ணாடியில் அவளைப் பார்த்து.

"சரிப்பா. நீ அந்தக் கொழல் பாட்டுக்குப் பின்னாடி போய்ப் பாத்துட்டு அப்புறம் பூட்டு."

"ஆவட்டுங்கா."

வீட்டுக்குள் நுழைந்ததும் பாக்யராஜ் தலையைத் தூக்கிப் பார்த்தான். மணி மூன்று இருபது. அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது, இருந்தாலும் கேட்டான்.

"ரெண்டாவது பாட்டு எப்டி இருந்திச்சு?"

அவள் பையை ஆணியில் மாட்டினாள். அவனிடம் வந்து, தோளுக்குக் கீழே ஒரு கையும் இடுப்புக்குக் கீழே ஒரு கையும் கொடுத்து, மெதுவாக வலது பக்கம் புரட்டிவிட்டாள். தலையணையைச் சரிசெய்தாள். அப்புறம்தான் பதில் சொன்னாள்.

"தெரியலய்யா" என்றாள் சிரித்துக்கொண்டே. "தூங்கிட்டேன்."